ஈரலுக்கும் மணி தெரியும்

மதுரை காமராசர் பல்கலைக்கழக வளாகத்தில், நாகமலைக்குப் பக்கத்தில், மனிதர்கள் கடிகாரமில்லாமல் தங்குவதற்கென்றே ஓர் ஆய்வறை இருந்தது. உள்ளே போனவருக்குச் சூரியன் தெரியாது. பேச்சுத்துணை கிடையாது. இப்போது விடிகாலையா, அந்தியா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பசித்தபோது சாப்பிடலாம், தூக்கம் வந்தபோது விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம். அப்படித் தங்கியவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும், நேரத்தை அவர்கள் கணித்த விதத்தையும் பதிவு செய்து பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் 1991இலும் 1997இலும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். உடலின் காலத் தாளங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஜெர்மனியையும் அமெரிக்காவையுமே காட்டுகிறோம். பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் அந்த வேலை நடந்தது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

கடிகாரத்தைப் பறித்துக்கொண்டால் மனிதன் கண்ட நேரத்தில் தூங்கி, கண்ட நேரத்தில் விழிப்பான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. தூக்கமும் விழிப்பும் ஒழுங்காகவே சுழல்கின்றன, ஆனால் ஒரு சுழற்சி 24 மணிக்குச் சற்று மேலே நீள்கிறது. அதனால் தூங்கும் நேரம் தினமும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய், சில வாரங்களில் உள்ளே இருப்பவரின் நடுநிசி வெளியே நண்பகலாகிவிடும். ஜெர்மனியில் யூர்கன் ஆஷோஃப் 1960களில் நடத்திய நிலவறைச் சோதனைகளும் இதையே காட்டின. பின்னாளில், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி மிக நுட்பமாக அளந்தபோது மனித உடலின் உள்ளார்ந்த நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று தெரிந்தது. அந்தச் சொச்சத்தை வெளியுலகம்தான் நமக்குத் தினமும் திருத்திக் கொடுக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று தங்கியவர்களில் சிலரிடம் தெரிந்தது. நாள் போகப்போக அவர்களுடைய தூக்கமும் விழிப்பும் ஒரு பக்கம், உடல் வெப்பம் இன்னொரு பக்கம் எனப் பிரிந்துவிடும். உடல் வெப்பம் வழக்கம்போல் ஏறக்குறைய 25 மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். விழிப்பும் தூக்கமும் சேர்ந்த சுழற்சியோ முப்பது மணியைத் தாண்டிப் போகும். வியப்பு என்னவென்றால், அவ்வளவு நீண்ட பொழுதையும் அவர்கள் ஒரே நாள் என்றுதான் உணர்ந்தார்கள். ஆஷோஃபின் நிலவறையில் அப்படி நீண்ட நாளிலும் மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள். எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ, அதற்கேற்ப மனதுக்குள் ஒரு மணி நேரமும் நீண்டுகொடுக்கிறது. மதுரைக் குழு, இப்படிப் பிரிந்த தாளங்களையும் பிரியாத தாளங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது.

ஒரே உடம்பில் இரண்டு தாளங்கள் பிரிந்து போக முடியும் என்றால் உள்ளே இருக்கும் கடிகாரம் ஒன்றல்ல. நோயைப் பற்றி நான் இங்கே சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளம்புவதுதான்.

செடிகொடிகளுக்கும் இந்தக் கடிகாரம் உண்டு. அலெக்சாந்தரின் படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தனீஸ் என்பவர், ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதை எழுதி வைத்தார். அது புளியமரம் என்பது அறிஞர்கள் கொள்ளும் முடிவு. 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மேரான் தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடின. நம் மல்லிகையும் அப்படித்தான். அந்தியில் மலரப் போகும் மொட்டை விடிகாலையிலேயே பறித்துவிட வேண்டும் என்று உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ பூப்பறிக்கும் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

நாகமலை, சமணர் மலை வட்டாரக் குன்றுகளில் குகைகள் உண்டு, குகைகளில் வௌவால்கள் உண்டு. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் மற்றவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது, ஆனால் அதுவரை சரியாக யாரும் கேட்டிராதது. குகையின் ஆழத்தில் இரவும் பகலும் ஒரே இருட்டு. வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியிருக்க, வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்பது இலைமூக்கு வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு வௌவாலைப் பிடித்துக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்தார்கள். அதன் கூட்டத்தார் சுற்றிலும் தொங்கிக்கொண்டும், மாலையில் வெளியே பறந்துபோய் விடிவதற்குள் திரும்பிக்கொண்டும் இருந்தார்கள். கூண்டு வௌவால் சூரியனைக் காணாமலே அவர்களோடு நேரம் பிசகாமல் விழித்தது. கூட்டமே இல்லாத குகையில் இன்னொன்றை வைத்தபோது அதன் தாளம் கட்டறுந்து, நாளுக்கு நாள் வெளியுலக நேரத்திலிருந்து விலகிப் போனது. இது 1981இல் வெளியானது. பிறகு, வேறு இன வௌவாலை இந்தக் கூட்டத்துக்கு நடுவே வைத்துப் பார்த்தார்கள். அதன் கடிகாரத்தை இவர்களால் திருத்த முடியவில்லை. சொந்தக்காரர்களின் இரைச்சல்தான் காதில் ஏறுகிறது.

அடுத்து வயல் சுண்டெலி. சிறு குட்டிகளை மாறாத சூழலில் வைத்து, தாயை 12 மணி நேரம் உடன் விட்டு, 12 மணி நேரம் பிரித்து வைத்தார்கள். தாயின் வரவையும் போக்கையும் வைத்தே குட்டிகளின் கடிகாரம் நேரம் சரிசெய்துகொண்டது. 1985இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. வெளிச்சம் மட்டுமே கடிகாரத்தை ஆட்டுவிக்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், உறவும் துணையும் கூட உடலுக்கு நேரம் சொல்லும் என்று மதுரையிலிருந்து சொன்னார்கள். இந்தச் சோதனைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் பெருமிதம் எழுகிறது; அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கடிகாரம் எதனால் ஆனது? 1971இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களில் ஒரே மரபணு கெட்டுப்போனால் நாளின் நீளமே மாறிவிடுவதைக் கண்டார்கள். அந்த மரபணுவைத் தொடர்ந்து போய் இயக்கத்தை விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால், உயிரணுவுக்குள் இரண்டு புரதங்கள் சேர்ந்து வேறு சில புரதங்களைத் தயாரிக்கும்படி மரபணுக்களைத் தூண்டுகின்றன. தயாரான புரதங்கள் மெல்லச் சேர்ந்து, உயிரணுக் கருவுக்குள் திரும்பி வந்து, தம்மை உருவாக்கிய தூண்டுதலையே அடக்குகின்றன. பின் அவை சிதைகின்றன, அடக்குமுறை தளர்கிறது, மறுபடியும் தொடங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். விழித்திரையில் உள்ள சில சிறப்பு அணுக்கள் அதற்கு வெளிச்சத்தின் செய்தியை அனுப்புகின்றன. பார்ப்பதற்கு உதவும் அணுக்களிலிருந்து இவை வேறானவை. நீல ஒளிக்கு அதிகம் துலங்குபவை. அதனால்தான் பார்வை இழந்தவர்களிலும் சிலருக்குக் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது. ஒளியே எட்டாத மற்றவர்களுக்குத் தூக்கம் தினமும் நகர்ந்து நகர்ந்து வாழ்க்கையைப் படாதபாடு படுத்துகிறது. வயதானவர்களின் கண்புரை மஞ்சளித்த லென்ஸாக நின்று இந்த நீல ஒளியையும் வடிகட்டிவிடுகிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கானோரின் கண்புரையை நீக்கியது பார்வைக்காக. கூடவே அவர்களுடைய மூளைக் கடிகாரத்துக்கும் ஒரு ஜன்னல் திறந்துவிட்டது என்று இன்று நாம் சொல்ல முடிகிறது.

மூளைக் கடிகாரம் மட்டும்தான் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 1998இல் ஜெனீவாவில் யூலி ஷிப்லரின் குழு, கண்ணாடித் தட்டில் வளர்த்த சாதாரண உடலணுக்களிலும் அதே தாளம் துடிப்பதைக் காட்டியது. ஈரலுக்கு ஒரு கடிகாரம், கணையத்துக்கு ஒன்று, இதயத்துக்கு, சிறுநீரகத்துக்கு, நுரையீரலுக்கு என்று தனித்தனி. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் புரதம் உருவாக்கும் மரபணுக்களில் 43 விழுக்காடு, உடலின் ஏதாவது ஓர் உறுப்பிலாவது நாள் தாளத்தில் கூடிக் குறைந்தது. ஈரலில்தான் அது மிக அதிகம்.

2000இல் அதே ஷிப்லர் குழு செய்த சோதனை நம் ஊருக்கு நேராகப் பொருந்துவது. இரவில் இரை தேடும் எலிகளுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்தார்கள். சில நாட்களில் ஈரலின் கடிகாரம் முழுவதுமாகத் திரும்பிக்கொண்டது. மூளையின் கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூளை வெளிச்சத்தைப் பார்த்து நேரம் அறிகிறது, ஈரல் சோற்றைப் பார்த்து. சித்திரைத் தேரில் எல்லா வடங்களையும் ஒரே மூச்சில் இழுக்கும்போது தேர் நேரே வருகிறது. ஒரு வடத்தைப் பிடித்திருப்பவர்கள் மட்டும் வேறு நேரத்தில் இழுத்தால் தேர் சாய்கிறது. உறுப்புகள் வெவ்வேறு நேரம் காட்டத் தொடங்கும்போது உடலுக்கும் அதுதான் நேர்கிறது.

மதுரை சங்க காலத்திலேயே நாளங்காடி என்ற பகல் சந்தையும் அல்லங்காடி என்ற இரவுச் சந்தையும் நடந்த ஊர். இன்றும் நள்ளிரவு தாண்டிக் கொத்துப் பரோட்டாவின் தட்டல் சத்தம் கேட்கும், கறிதோசை கிடைக்கும், விடிகாலை பருத்திப்பால் கிடைக்கும். இந்த ஊரின் இரவை நான் நேசிக்கிறேன். அதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் பதினொன்றரை மணிப் பரோட்டா, மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்ட அதே பரோட்டா இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இருட்டிய பிறகு மெலடோனின் என்ற சுரப்பு மூளையிலிருந்து ரத்தத்தில் ஏறுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களிலும் அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மெலடோனின் உச்சத்தில் இருக்கும்போது சாப்பிட்டால் இன்சுலின் போதிய வேகத்தில் வராமல் போகிறது. 2015இல் வந்த ஓர் ஆய்வகச் சோதனையில், தூக்கத்தையும் வேலையையும் சமமாக்கிய பிறகும், அதே உணவை உடலின் மாலை நேரத்தில் சாப்பிட்டவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை, உடலின் காலை நேரத்தைவிட 17 விழுக்காடு அதிகமாக இருந்தது.

நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. சுகர் நோயாளியிடம் டாக்டர் கேட்பது ‘அரிசியைக் குறைச்சீங்களா, இனிப்பை விட்டீங்களா’ என்பது. ‘ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க’ என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது. என் கருத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கடை அடைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, அன்றைய முழுச் சாப்பாட்டையும் ஒரே வேளையாகச் சாப்பிட்டுப் படுக்கும் வியாபாரிகள் மதுரையில் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஏழு மணிக்கே கடையில் ஒரு டிபனை முடித்துக்கொள்வது பெரிய செலவும் இல்லை, பெரிய தியாகமும் இல்லை.

இதயத்தின் நேரம் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். 1985இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மல்லரும் பிறரும் மாரடைப்பு வந்த நேரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, காலை ஆறிலிருந்து நண்பகல் வரை அது கூடுதலாக இருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில், இரவு பதினோரு மணியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. விழிப்பதற்கு முன்பிருந்தே கார்டிசால் என்ற சுரப்பு ஏறத் தொடங்குகிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடுகின்றன. ரத்தத் தட்டுகள் ஒட்டும் தன்மையும் காலையில் அதிகம். ஏற்கனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு பிளக்க அது போதும். நல்ல உடலில் தூக்கத்தின்போது பிரஷர் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு உள்ளவர்கள் பலருக்கு அந்த இறக்கம் வருவதில்லை. அவர்களுக்கு இதயத்துக்கும் மூளை ரத்தக் குழாய்களுக்கும் ஆபத்து கூடுகிறது. பகலில் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கையைக் கட்டிப் பார்த்த பிரஷரில் இது தெரியாது. 24 மணி நேரக் கருவி கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்துமாக்காரருக்கு விடிகாலை நான்கு மணி ஏன் கெட்ட நேரம் என்பதும் இதே கணக்கு. அந்நேரம் மூச்சுக் குழாய்கள் இயல்பிலேயே குறுகலாக இருக்கின்றன. சிறுநீரகம் இரவில் வடிகட்டும் வேகத்தைக் குறைத்து, நீரைத் தேக்கிக்கொள்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விரல்கள் காலையில் மடங்காமல் விறைப்பதற்கும், பின்னிரவில் ஏறும் அழற்சிச் சுரப்புகளே காரணம்.

இத்தனையும் தெரிந்த பின் என் கவலை இரவில் விரும்பிச் சாப்பிடுகிறவர்களைவிட, இரவில் விழித்தே ஆக வேண்டியவர்களைப் பற்றியது. விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேரும் வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், நூற்பாலைகளில் மூன்றாம் ஷிஃப்டில் நிற்கும் பெண்கள், நைட் டூட்டி நர்ஸ்கள், தொலைதூர பஸ் ஓட்டுநர்கள். இவர்களுடைய மூளை இரவு என்று சொல்கிறது, வேலை பகல் என்று சொல்கிறது, வயிற்றுக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று புரிவதில்லை. வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும்போது எந்தக் கடிகாரமும் நிலைப்பதற்குள் மறுபடி கலைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் தாளத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவை என்ற வகையில் 2007இல் சேர்த்தது. 2019இல் இரவுப் பணி என்ற பெயரில் அதை மறுபடி உறுதி செய்தது.

‘வேலையை விட்டுவிடு’ என்று இவர்களிடம் சொல்வது அறிவுரையே இல்லை. சாப்பாட்டு நேரம் ஓரளவு நம் கையில் இருக்கிறது என்பதுதான் ஆறுதல். 2021 இறுதியில் வெளியான சோதனை ஒன்றில் 19 பேரை இரவுப் பணிபோல் விழிக்க வைத்தார்கள். ஒரு பகுதியினர் இரவிலும் சாப்பிட்டார்கள், மறு பகுதியினர் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. இருவரும் ஒரே அளவு விழித்திருந்தவர்கள்தான். சிறிய சோதனை, சந்தையில் மூட்டை சுமப்பவரின் பசியை அது அளக்கவில்லை. ஆனாலும் எலியின் ஈரலில் கண்டதோடு இது ஒத்துப்போகிறது. வேலைக்குப் போகுமுன் ஏழு, எட்டு மணிக்கு நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, நடுநிசியிலிருந்து விடிவது வரை தண்ணீர், மோர் அல்லது சிறிதளவு சுண்டலோடு நிறுத்தி, விடிந்ததும் இட்லி சாப்பிட்டுப் படுப்பது பலருக்குச் சாத்தியமானதே. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இரவில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும்.

மாத்திரைகளைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரல் கொழுப்பைத் தயாரிப்பது இரவில் அதிகம் என்பதால் சிம்வாஸ்டாடின் போன்ற சீக்கிரம் கரைந்துபோகும் கொழுப்பு மாத்திரைகளை இரவில் தருவது வழக்கம். அடோர்வாஸ்டாடின் உடலில் நெடுநேரம் நிற்பதால் எந்நேரமும் போடலாம். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் தருவது உடலின் கார்டிசால் தாளத்தோடு ஒட்டிப் போவதற்கு. பிபி மாத்திரையில்தான் குழப்பம். ராத்திரி போட்டால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்ற அளவுக்கு ஸ்பெயினிலிருந்து ஓர் ஆய்வு 2019இல் சொன்னது. அது வாட்ஸப்பில் ஊரெங்கும் சுற்றியது. பிரிட்டனில் 21,104 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தபோது, காலையில் போட்டாலும் ராத்திரி போட்டாலும் வித்தியாசமில்லை என்று தெரிந்தது. மறக்காமல் போடக்கூடிய நேரமே பெரும்பாலானவர்களுக்குச் சரியான நேரம். அந்தப் பிரிட்டன் சோதனையைத்தான் நான் நம்புகிறேன். உடலுக்குத் தாளம் உண்டு என்பது உண்மை. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மாய நேரம் உண்டு என்று ஆகிவிடாது.

நம் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. இரவெல்லாம் சந்தையில் நின்றுவிட்டுக் காலை பத்து மணிக்குப் படுக்கும் பெண்ணுக்கு அந்தக் கடைசி ‘1’ எத்தனை மணி? சாப்பாட்டோடு போட வேண்டிய சுகர் மாத்திரை என்றால், அவர் சாப்பிடாத வேளையில் போட்டு மயங்கி விழவும் கூடும், சாப்பிடும் வேளையில் போடாமல் விட்டுவிடவும் கூடும். புறநோயாளிச் சீட்டில் பெயர், வயதுக்குக் கீழே இன்னொரு வரி அச்சிட்டால் போதும்: எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எந்த ஷிஃப்ட். இதற்குப் புதிய கருவி வேண்டாம், புதிய மருந்து வேண்டாம். வரிசையில் நிற்கும்போதே நர்ஸ் கேட்டு எழுதிவிடலாம். மதுரை மாதிரி ஊரில் அது முதலில் தொடங்க வேண்டும்.